பதிலுக்கு விட்ட இடம்

பெட்ஷீட்டின் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு அக்கா முதல் வரியை எடுப்பார். எதிர்ப்பக்கம் பிடிப்பது நான். வரி முடியும்வரை இருவரும் இழுப்போம். பிறகு அக்கா வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனத்தில் நடந்து வந்து மூலையோடு மூலை சேர்ப்போம். அடுத்த வரி, அடுத்த மடிப்பு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாங்கள் மொத்தம் எட்டுப் பேர்.

"கதவு தொறந்து கெடக்குது, காத்து மட்டும் வருது. காத்துக்குப் பின்னால யாரு வர்றது?"

இட்டுக்கட்டுவது அவரேதான். எல்லாப் பாட்டும் கேள்வியில் வந்து நின்றுவிடும். "பதில் எங்கக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கெப்படித் தெரியும்? அது மத்தவங்க பாடவேண்டியது. நான் எடம் விட்டு வச்சிருக்கேன், அவ்ளோதான்."

பதினொரு வருடமாக யாரும் பாடவில்லை. இஸ்திரி போடும் அண்ணன் மட்டும், "வர்றவன் உன் பாட்டைக் கேட்டுத்தான் திரும்பி ஓடிட்டான்" என்பார். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். அக்கா தனி ஆள். காலையில் ரேடியோவைப் பாடவிட்டுத்தான் அறையைப் பூட்டுவார். "திரும்பி வந்து தொறக்கறப்ப உள்ள ஆள் இருக்கற மாதிரி இருக்கும்ல?" அதைக் கேட்ட நாள் முதல் என் பிரார்த்தனையில் அவரும் உண்டு.

போன மாதம் சூப்பர்வைசர் பாட்டை நிறுத்தச் சொன்னார். அக்கா அன்றே நிறுத்திவிட்டார். மூன்றே நாளில், வார்டிலிருந்து ஒரு வண்டி நிறைய பெட்ஷீட் திரும்பி வந்தது. அத்தனையும் கோணல். ஒருத்தி இழுக்கும்போது இன்னொருத்தி நடந்திருக்கிறாள்.

"என்னம்மா, எல்லாருக்கும் கை கோணிக்கிச்சா?" என்றார் சூப்பர்வைசர்.

"கையை ஏன் சார் திட்டறீங்க?" என்றார் அண்ணன். "இங்க எல்லா ஜோடியும் அக்கா பாட்டுக்குத்தான் மடிச்சுது. நிறுத்தினது நீங்க."

சூப்பர்வைசர் பிடரியைச் சொறிந்தார். "அப்ப பாடித் தொலைங்க."

அக்கா ஒரு பெட்ஷீட்டை எடுத்து உதறினார். "வேணாம் சார். யாரு கேக்கறாங்க?"

அண்ணன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அக்காவின் வரியைத் தன் கட்டைக் குரலில் அவரே எடுத்தார். "...யாரு வர்றது?" ஒரு மடிப்பு நேரம் நிறுத்தினார். பிறகு, "ஏழு பேரு வர்றோம் அக்கா, எடம் போட்டு வையி!"

மறுதடவை ஏழு குரலும் சேர்ந்துகொண்டன. சலவை இயந்திரத்தின் இரைச்சலே அடங்கியது போலிருந்தது. ஆண்டவன் சாட்சியாக, நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

 அக்கா பெட்ஷீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு தடவை என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.