பத்மாசனியின் நோக்குளிசை

நெடுங்கேணியில் பத்மாசனிக்குத் தெரியாமல் ஒருவருக்கும் நோவு வர முடியாது. "இடுப்பைப் பிடிக்குது" என்று யாரும் வாய் திறப்பதற்குள் அவருடைய கைப்பையிலிருந்து நோவைக் குறைக்கும் குளிசை மாத்திரை அட்டை வெளியே வந்துவிடும். தன் முழங்கால் நோவுக்கென்று வாங்குவதில் பாதி ஊருக்குத்தான் போகும். கணவர் சிற்றம்பலம் அவருக்கு முன்னால் முனகக்கூடப் பயப்படுவார்.

அப்படிப்பட்டவர், பசு வெள்ளைச்சி கன்று போட முடியாமல் முனகும்போது சும்மா இருப்பாரா? சிற்றம்பலம் வைக்கோல் எடுக்கப் போன நேரம் பார்த்து, ஒரு அட்டைக் குளிசையை வாழைப்பழத்துக்குள் வைத்து ஊட்டினார். கன்று பிறந்த பிறகும் பசு முனகியது. மறுபடியும் ஊட்டினார்.

கன்று நல்லபடியாக எழும்பி நின்றது. இளங்கொடி என்கிற நஞ்சுக்கொடிதான் விழவில்லை. அதைப் போட்டு ஆலமரத்தில் கட்டினால் பால் பெருகும் என்று எடுத்து வைத்த உமல், அந்த ஓலைப்பை, வெறுமனே கிடந்தது. மறுநாளும் கொடி தொங்கியபடியே இருந்தது. வெள்ளைச்சி தண்ணீரில் வாய் வைக்கவில்லை. மாடு போய்விடுமோ என்று பத்மாசனி பயந்தார். கொடியில் கல்லைக் கட்டி இழுக்கலாம் என்று சிற்றம்பலம் கயிறு தேட, இவர் மிருக வைத்தியர் சுகந்தினிக்குப் போன் எடுத்தார்.

"இழுக்காதேங்கோ, உள்ளுக்குக் கிழிஞ்சு போடும்," என்றார் வந்து பார்த்த சுகந்தினி. "ஏதும் மருந்து குடுத்தனீங்களோ?"

"ஒண்டும் குடுக்கேல்லை, பிள்ளை."

"தெரியாமல் நான் இன்னொண்டைப் போட்டால் மாடுதான் போகும், அம்மா."

வெள்ளைச்சி திரும்பிப் பத்மாசனியைப் பார்த்தது.

"என்ரை முழங்கால் குளிசை," என்றார் பத்மாசனி, கொட்டில் தூணைப் பார்த்தபடி.

சிற்றம்பலம் சிரிப்பை மறைக்க வைக்கோல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுகந்தினி சிரிக்கவில்லை.

"கருப்பையே புரோஸ்டகிளாண்டின் எண்டு ஒண்டைச் சுரக்கும், ஓமோன் மாதிரி. அது இருந்தால்தான் கருப்பை இறுகி, கொடி கழலும். அதை உண்டாக்கிற நொதியத்தை இந்தக் குளிசை மறிச்சுப்போடும். நோ குறையிறதும் அதாலைதான், கொடி நிண்டதும் அதாலைதான்."

"அப்ப அதுக்கு நோக வேணுமோ?"

"இப்ப கொஞ்சம் வேணும். இனிக் குளிசை குடுக்காட்டில் கொடி தானா விழும். காய்ச்சல் வருதோ எண்டு மட்டும் பாருங்கோ."

வெள்ளைச்சி முனகும்போதெல்லாம் பத்மாசனியின் கை தானாகவே பைக்குப் போனது. கையை மடக்கி மடியில் வைத்து, அழுதுகொண்டே அதன் கழுத்தைத் தடவினார். ஒருவழியாகக் கொடி விழுந்தது. வெள்ளைச்சி ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது.

இளங்கொடியோடு மிச்சக் குளிசை அட்டைகளையும் உமலுக்குள் போட்டு, ஆலமரத்தில் நல்ல உயரத்தில் கட்டச் சொன்னார் பத்மாசனி. வீட்டுக்குத் திரும்ப அடி எடுத்து வைத்ததும் முழங்கால் சுள்ளென்றது. நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இஞ்சேருங்கோ," என்றார் சிற்றம்பலத்திடம், "கைக்கு எட்டுற மாதிரிப் பதிவாக் கட்டியிருக்கலாம்."