சோறு அடுப்பிலிருக்கப் போன அருளம்பலம் அண்ணை

நான் முன்னமே சொன்னேன். இந்த மனிதர் கட்டிலில் கிடந்து போகமாட்டார், அடுப்படியில்தான் போவார் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தவன் நான். செய்தி வந்தபோது சாவகச்சேரிச் சந்தையில் முகாமுக்குக் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தாமலே, "அருளம்பலத்தார் முடிஞ்சுபோனார், அடுப்படியிலை" என்று சொல்லிக்கொண்டு போனார். முன்னமே சொன்ன நானே கையிலிருந்த பையை விட்டுவிட்டேன். பை எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது. அண்ணை அறிந்திருந்தால் என்னைத் திருப்பி அனுப்பி, ஒவ்வொரு கத்தரிக்காயாகப் பொறுக்கிவரச் சொல்லியிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். கரையோர ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்த சனங்கள் எங்கள் வாசிகசாலை முகாமில் வந்து தங்கியபோது, சமையலைக் கேளாமலே ஏற்றுக்கொண்டவர். உள்ளே ஒரு கன்றுக்குட்டி நின்று குளிக்கக்கூடிய, சோறு காய்ச்சும் கிடாரத்தைக் கோவிலிலிருந்து தலையில் வைத்துக் கொண்டுவந்தவன் நான். தனியாக. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று என்னைச் சொல்வார்கள். ஐந்தை இரண்டு தரம் படித்தேன், ஆறு என்று கொள்க. அந்த அறிவைக்கொண்டு அண்ணைக்கு எல்லா யோசனையும் நான்தான் சொன்னேன். மற்றதெல்லாம் அவர் செய்தார்.

முதற் கிழமை பிள்ளைகள் கோப்பை நிறையச் சோறு வாங்கி அரைவாசியைக் கொட்டினார்கள். அகதியாய் வந்தும் கொழுப்பு அடங்கவில்லை என்று ஊரார் கதைத்தார்கள். அண்ணை ஏசவில்லை. மிச்சம் வைத்த பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நிலத்தில் இருப்பார்; அது முடிக்கும்வரை பஸ்ஸில் ஏறிய ஆட்டின் கதை, இறங்க மறந்த மாப்பிள்ளையின் கதை என்று சொல்லிக்கொண்டிருப்பார். பிறகு ஒரு சட்டம் போட்டார். "ஒரு அகப்பைதான். முடிச்சிட்டு வா, திரும்பப் போடுவன். எத்தினை தரம் வந்தாலும் டிக்கெற் கேக்கமாட்டன்."

அப்படியிருந்தும் வதனி என்ற சிறுமியின் பாய்க்குக் கீழே, துணியில் கட்டிய சோறு புளித்துக் கிடந்தது. தாய் அடிக்கக் கை ஓங்கினாள். அண்ணை குறுக்கே போய், ஏன் பிள்ளை என்று கேட்டார்.

"நாளைக்கு இல்லாட்டி?"

அவர் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். பிறகு சொன்னார்: "நாளைக்கு இல்லையெண்டால் இண்டைக்கே உனக்குச் சொல்லுவன்."

அதன்பிறகு பாய்க்குக் கீழே எதுவும் அகப்படவில்லை. அரிசி தட்டுப்பாடான காலத்தில் முதல்நாளே அவளைத் தேடிப்போய், நாளைக்குக் கஞ்சிதான், அறிவித்துவிட்டேன் என்பார். அவளும் பெரிய அதிகாரி மாதிரித் தலையாட்டுவாள்.

அன்று நான் சைக்கிளை மிதித்த வேகத்துக்கு விமானமும் பின்னால்தான் வந்திருக்கும். போய்ச் சேர்ந்தபோது அண்ணையை நீளவாங்கில் கிடத்தியிருந்தார்கள். காலையில் என்னோடு பகிடிவிட்ட மனிதர். நெஞ்சைப் பிடித்தாராம், நிலத்தில் இருந்தாராம், அவ்வளவுதான். சோறு வெந்து மூடியிருந்தது. பிள்ளைகள் கோப்பைகளோடு வரிசையில் நின்றார்கள். ஒருவரும் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வாசிகசாலைத் தலைவர் வயதானவர், வழக்கம் அறிந்தவர். "சாவு விழுந்த அடுப்பு. உந்தச் சோறு ஆகாது. கிடங்கு வெட்டி ஊத்துங்கோ" என்றார். மண்வெட்டியும் வந்துவிட்டது. முகாமில் வேறு அரிசி இல்லை.

வதனி என் சாரத்தைப் பிடித்து இழுத்தாள். "மாமா, இண்டைக்குச் சோறில்லையெண்டு அவர் நேற்றுச் சொல்லேல்லை."

நான் மண்வெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். "பொறுங்கோ ஐயா. அண்ணை போன கிழமை எனக்குச் சொன்னவர். சோறு அடுப்பிலை இருக்கேக்கை நான் போனால், முதல் பிள்ளையளுக்குப் போடுங்கோ, பிறகு என்னைத் தூக்குங்கோ எண்டு."

தலைவர் வாங்கில் கிடந்த அண்ணையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சால்வையை இடுப்பில் கட்டி, கையைக் கழுவி, அகப்பையைக் கேட்டார். பழக்கமில்லாத கை, அள்ளி அள்ளிப் போட்டார். வதனி கோப்பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "காணும் அப்பு. முடிச்சிட்டு வாறன்" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கொடிகாமம் வரை கேட்டிருக்கும்.

'முதல் பிள்ளையளுக்குப் போடுங்கோ' என்ற அந்த வார்த்தையை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் கையிலிருக்கும் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரிலும் அண்ணையின் படத்துக்குக் கீழே அதைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். அவர் அதைச் சொல்லவேயில்லை. அந்தக் கிழமை அவர் என்னோடு கதைத்தது உப்புக் கட்டிபட்டுப் போனதைப் பற்றி மட்டுமே. அந்த வசனம், மண்வெட்டியைக் கண்டவுடன் நான் கட்டியது. தலைவர் இதை வாசித்தால் கோபிப்பார். கோபிக்கட்டும். அண்ணையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் சொல்லாத அந்த ஒரு சொல்தான். அது அவர் பெயரிலேயே இருக்கட்டும்.