டாக்டர் ஜெயசுதா ஸ்டூல் போட்டால்

டாக்டர் ஜெயசுதா உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. காலையில் ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே ஒரு கால் நடக்கத் தொடங்கியிருக்கும். மாத்திரை எழுதுவதும் நின்றபடி, காப்பி குடிப்பதும் நின்றபடி. கள்ளக்குறிச்சியில் எங்களுடையது ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டை அவர் சுற்றி முடிக்கும்போது முதல் கட்டில்காரி ஆரம்பித்த பேச்சு பாதியில் இருக்கும். நோயாளிகள் அவருக்கு ‘பாயிண்ட் டு பாயிண்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நடுவில் எந்த ஸ்டாப்பிலும் நிற்காத பஸ்.

சொந்த ஊர் மணலூர்பேட்டை. அப்பா தெய்வசிகாமணி குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவர். வெட்டிய கரும்பு ஆலைக்குப் போகாமல் காய்ந்தால் எடை போய்விடும். அதனால் அந்த வீட்டில் எல்லாருக்கும் ஓட்டம்தான். பாடப் புத்தகத்தை வரப்பில் நடந்துகொண்டே படித்தவர் ஜெயசுதா. அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர். வைத்தியத்தில் குறை சொல்ல முடியாது. நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பார், மருந்து சரியாகக் கொடுப்பார். சொல்வதில்தான் தகராறு.

திருக்கோவிலூர் பக்கத்து விவசாயி ஒருவருக்குக் கேன்சர் ஈரல் வரை பரவியிருந்தது. ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு காரிடாரில் நடந்தபடியே அவர் மகனிடம், “ஸ்ப்ரெட் ஆயிடுச்சி. ஆபரேஷன் பண்ணி பிரயோஜனம் இல்ல. வூட்டுக்கு இட்டுக்கினு போயி நல்லா பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஜெயசுதா அடுத்த அறைக்குள் போய்விட்டார். விவசாயி பின்னாலேயே சக்கர நாற்காலியில் வந்துகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. மகன் அந்த அறைக் கதவை உதைத்த உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள்.

அதன் பிறகுதான் டிரஸ்ட்காரர்கள் டாக்டர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். பெரிய நோய்க்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் படுத்த படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். வயதும் ஆகிவிட்டது. அதனால் நோயாளி வேஷம் என் தலையில் விழுந்தது. டாக்டர்கள் ஒவ்வொருவராக வந்து எனக்குக் கேன்சர் என்று சொல்ல வேண்டும்.

ஜெயசுதா முதல் தடவை வந்தார்.

“தங்கமணியம்மா, ரிசல்ட் வந்துடுச்சி. கேன்சர். பயப்பட ஒண்ணுமில்ல. ட்ரீட்மெண்ட் இருக்கு. வேற இன்னா டவுட்?”

“டவுட்டு வர்றதுக்குள்ள நீங்க கதவாண்ட போயிட்டீங்களே மேடம்” என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

வந்தவர்கள் சொல்லித்தந்தது இதுதான். நின்றுகொண்டு பேசாதே, உட்கார். அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்றும் கேள். பிறகு நோயின் பெயரை மறைக்காமல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திரு. கடைசி வேலையில்தான் ஜெயசுதாவுக்கு உயிர் போனது. கால் ஆடும், பேனா மூடி வாய்க்குப் போகும். ஆனாலும் விடவில்லை. வகுப்பு முடிந்த பிறகும் கேன்டீனில் என்னைப் பிடித்து உட்கார வைத்து எனக்குக் கேன்சர் சொல்லிப் பழகினார். டீ மாஸ்டர் ஒருநாள் என்னிடம் வந்து, “உனுக்கு மெய்யாலுமே ஒண்ணுமில்லியே யக்கா?” என்று கேட்டார்.

நன்றாகவே கற்றுக்கொண்டார். நர்ஸ் அறையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. பெரிய நோய் என்று முடிவு வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்காருவார். மெதுவாகக் கேட்பார், மெதுவாகச் சொல்வார். மற்றவர்களுக்கு அதே பழைய பாயிண்ட் டு பாயிண்ட்தான். கூட்டம் அப்படி, எல்லாரிடமும் உட்கார முடியாது. அதில் என்ன தப்பு என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அப்போது வார்டில் ராணியம்மாள் இருந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம். இடது மார்பில் கட்டி. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தோம். கேன்சர்தான், ஆனால் கட்டி சின்னது, சீக்கிரம் பிடிபட்டிருந்தது. ஆபரேஷன் செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. எங்களுக்கு வரும் முடிவுகளில் இப்படி வருவது அபூர்வம். ஜெயசுதா சந்தோஷமாக ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் வந்தார்.

நான் பக்கத்துக் கட்டிலில் ரங்கம்மாளின் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ராணியம்மாள் ஸ்டூலைப் பார்த்தாள், எழுந்தாள், தலைமாட்டிலிருந்த பையை எடுத்தாள்.

“கொஞ்சம் இருங்க டாக்டரம்மா. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்.”

டாக்டர் காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். நேரம் போனது. நான் போய் பாத்ரூமைப் பார்த்தேன். யாரும் இல்லை. வாட்ச்மேன் அய்யப்பன், “மலைக்காரம்மாவா? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடுச்சே” என்றார்.

“நான் ஒரு வார்த்த கூட பேசலியே!” என்றார் ஜெயசுதா.

ரங்கம்மாள்தான் வாயைத் திறந்தாள். “இன்னாத்தப் பேசறது? நீ ஸ்டூலப் போட்டா அந்தக் கட்டிலு காலின்னு அர்த்தம். வார்டுக்கே தெரியும்.”

“யாரு சொன்னாங்க?”

“யாராச்சும் சொல்லணுமா? பாத்துக்கினுதான கீறோம். கடசிக் கட்டிலாண்ட போட்ட, அத வூட்டுக்கு இட்டுக்கினு போயிட்டாங்க. ஜன்னலாண்ட போட்ட, அதுவும் போயிடுச்சி. உனுக்குப் புண்ணியமாப் போவும், என்னாண்ட மட்டும் போட்டுடாத தாயி.”

ஜெயசுதா ஸ்டூலை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனார். அந்த வாரம் முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ராணியம்மாளின் போன் ஸ்விட்ச் ஆஃப். காரிடாரில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “கட்டி சும்மா இருக்காது தங்கமணியம்மா, வளந்துக்கினே இருக்கும்” என்பார். லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, நான் மலைக்கு நோயாளிகளைப் பார்க்கப் போகும் ஜீப்பில் தானும் ஏறிக்கொண்டார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது டிரைவர் கொளஞ்சியப்பனிடம், “இன்னும் வேகமா போவ முடியாதா?” என்று கேட்டார்.

“வளைவு மேடம். வேகமா போனா கீழதான் போவணும்.”

ராணியம்மாள் வீட்டு வாசலில் பந்தல். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. புதுச் சட்டைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் புருஷன் கண்ணுசாமி எங்களைப் பார்த்துப் பதறி எழுந்து வந்தார்.

“பொண்ணுக்குப் பூ வைக்கிறோம் மேடம். இது இருக்கச்சொல்லோவே முடிச்சிடலாம்னு.”

‘இது’ என்றது ராணியம்மாளை. தாய் செத்துவிட்டால் வருஷம் திரும்பும்வரை அந்த வீட்டில் நல்ல காரியம் கிடையாது. அதற்குள் முந்திக்கொள்ளப் பார்த்திருக்கிறார்கள். பெண் கவியா கள்ளக்குறிச்சியில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறவள். பட்டுப்புடவையில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொல்லாத ஒரு சாவுக்காக இத்தனையும் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கையில் பூ இருந்தது. இன்னும் வைக்கவில்லை.

ராணியம்மாள் எங்களைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். ஜெயசுதா பின்னால் போனார். கண்ணுசாமி குறுக்கே வந்தார்.

“எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. அதுக்குத் தெரிய வேணாம்.”

“அவங்ககிட்ட கேக்கறேண்ணே. உங்ககிட்ட சொல்லச் சொன்னா, சொல்றேன்” என்று சொல்லிவிட்டு டாக்டர் நடையைக் கூட்டினார். நானும் மூச்சு வாங்கப் பின்னால் போனேன்.

மரவள்ளிக் கொல்லை நடுவே ஒற்றையடிப் பாதை. ராணியம்மாள் திரும்பாமலே சத்தம் போட்டாள். “உக்காராத! எங்கொல்லையில நீ உக்காராத டாக்டரம்மா!”

“உக்காரலக்கா. நடந்துக்கினுதான் வரேன். நீங்களும் நடங்க. உங்களுக்கு இன்னா நோவுன்னு நெனைக்கிறீங்க?”

“அதான் ஸ்டூலு வந்துடுச்சே. தெரியாதா?”

“ஸ்டூல விடுங்க. டெஸ்டுல வந்தத நான் சொல்லட்டுமா? கேக்கறீங்களா, இல்ல அண்ணங்கிட்ட சொல்லட்டுமா?”

ராணியம்மாள் குழாயடியில் குடத்தை வைத்துத் திறந்துவிட்டாள். “எனக்கு வந்தது எனக்குத்தான் தெரியணும். சொல்லு.”

“கேன்சர்க்கா. ஆனா சின்னது. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். இப்பவே வந்தா பொழைக்கறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி.”

சொல்லிவிட்டு டாக்டர் வாயை மூடிக்கொண்டார். குடம் நிறைந்து வழிந்தது. டாக்டரின் கை குழாய்ப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. தண்ணீர் எங்கள் காலை நனைத்துக்கொண்டு ஓடியது.

“நான் சாவ மாட்டனா?” என்றாள் ராணியம்மாள்.

“எழுதிக் குடுக்க முடியாது. ஆனா இன்னிக்கு நீங்க சாவற ஆளு இல்ல.”

ராணியம்மாளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. “இத அன்னிக்கே வாசப்படியில நின்னுக்கினு சொல்லித் தொலைச்சா இன்னா? ரெண்டு ஆட்ட எந்தங்கச்சிக்குத் தூக்கிக் குடுத்துட்டேனே! திருப்பிக் கேட்டா குடுப்பாளா அவ?”

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று பந்தலுக்குத் திரும்பினாள். நேராக மாப்பிள்ளையின் தாயார் முன்னால் போய் நின்றாள்.

“எனக்கு மார்ல கேன்சராம். ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னு டாக்டரம்மா சொல்லுது. பண்ணிக்கினு வரேன். எம்பொண்ணு படிக்கட்டும். படிச்சி முடிச்சப்புறம் அவளக் கேட்டுக்கினு பேசலாம். எல்லாரும் சாப்ட்டுட்டுப் போங்க.”

பந்தலில் ஒரு கிழவர், “அது ஒட்டுமா?” என்று கேட்டார். “ஒட்டாதுங்க” என்றார் ஜெயசுதா. ஆனாலும் பாதிப் பேர் சாப்பிடாமலே எழுந்தார்கள். பூவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். “ஊரக் கூட்டி வெச்சிப் பேசற பேச்சா இது?” என்று கண்ணுசாமி துண்டை உதறினார். கவியா புடவையோடு எழுந்து உள்ளே ஓடி அம்மாவின் துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

அன்றே அழைத்து வந்தோம். கண்ணுசாமியும் பின்சீட்டில் ஏறினார். பாதி மலையில் ராணியம்மாள், “முழுசா எடுத்துடுவீங்களா?” என்று கேட்டாள்.

ஜெயசுதா முன்சீட்டிலிருந்து திரும்பினார். “தெரியலக்கா. கட்டிய மட்டும் எடுத்தா போதும்னு நெனைக்கிறேன். சர்ஜன் பாத்துத்தான் சொல்லணும்.”

“எதுன்னாலும் எனக்கு மொதல்ல சொல்லணும்.”

“உங்களுக்குத்தான் மொதல்ல.”

திங்கட்கிழமை வார்டில் ஜெயசுதா ஒரு கட்டில் விடாமல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரு நிமிஷம், அவ்வளவுதான். காய்ச்சல்காரிக்கும் உண்டு, பல்வலிக்காரிக்கும் உண்டு. ரங்கம்மாளிடம், புண் ஆறிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தார். அவள் போட்ட கூச்சலில் ஆண்கள் வார்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். சுற்று முடிய மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. சூப்பிரண்டு முணுமுணுத்தார். இது எத்தனை நாளைக்கு ஓடும் என்று எனக்கும் சந்தேகம்தான்.

ராணியம்மாளின் ஆபரேஷன் அந்த வாரமே நடந்தது. கட்டியை மட்டும் எடுத்தார்கள். ஆனால் அக்குளிலிருந்து எடுத்த நெறிக்கட்டியிலும் நோய் கொஞ்சம் இருந்தது. அந்த ரிசல்ட் வந்தபோது கண்ணுசாமி வார்டு வாசலிலேயே டாக்டரை மறித்துக்கொண்டார்.

“இப்பதான் கஞ்சி குடிச்சிது. கெட்ட சேதின்னா அதுகிட்ட சொல்லாதீங்க மேடம். மறுபடியும் மலைக்கு ஓடிடும். உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்.”

ஜெயசுதாவின் குதிகால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு அடி நடந்தார், திரும்பி வந்தார்.

“ஓடுனா ஓடட்டும்ணே. மறுபடியும் பின்னாடியே வரேன். சொல்றேன்னு சொல்லிட்டேன்.”

உள்ளே போய் உட்கார்ந்து சொன்னார். நெறியிலும் இருக்கிறது, அதனால் கீமோ ஊசி போட வேண்டும், மாசக்கணக்கில் ஆகும், முடி கொட்டும், அதற்குப் பிறகும் பிழைக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் முன்பு நினைத்ததைவிடக் கொஞ்சம் கம்மி. சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ராணியம்மாள் கட்டுப் போட்ட பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பையைப் பார்த்தேன். அது கட்டிலுக்கடியில் இருந்தது. அவள் கை அந்தப் பக்கம் போகவில்லை.

“அவருக்குச் சொல்லிட்டியா?”

“உங்ககிட்ட சொல்ல வேணாம்னு தடுத்தாரு. விவரம் அவருக்கு இன்னும் சொல்லல.”

“சரி, உள்ள கூப்புடு” என்றாள் ராணியம்மாள். “நானே சொல்லிக்கறேன். நீ சொன்னா பயப்புடுவாரு.”