அப்பாவுக்கு அம்பத்தஞ்சு 'நடந்த' கதை

கவுண்டரில் அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன ஒரே வார்த்தை, எல்லாத் திட்டத்தையும் கவிழ்த்துவிட்டது!

அறுபதுகளில் நாங்கள் சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுப் பக்கம் குடியிருந்தோம்.

அப்பா துறைமுகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். அவரைவிட ஒரு வயது இளைய அம்மா, பிரசவ ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். (இருவருக்கும் மெதுவாகப் பேச வராது!)

ஐம்பத்தைந்து வயதானால் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம். எடுத்ததும் இருவரும் சேர்ந்தே வேலையை விட வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம்.

"எனக்கு இன்னும் வயசாகலையே! நீங்க வாங்கிட்டு வீட்ல இருங்க, நான் அப்பறம் வேலைய விட்டு நிக்கிறேன்."

"நீ வேலைக்குப் போவ, நான் வீட்ல உக்காந்திருக்கணுமா?"

ஒரு வாரம் இதே சண்டை. கடைசியில் அப்பா கிடங்கு முழுக்க லட்டு கொடுத்து, "ரிட்டையர் ஆகப்போறேன்" என்று அறிவித்துவிட்டார். மறுநாள் லீவு போட்டுச் சேமநிதி ஆபீசுக்குக் கிளம்பினார். துணைக்கு அம்மாவும் நானும்.

கவுண்டரில் தமிழ் ஆபீசர். "வயசு எத்தனைங்கய்யா?"

"அம்பத்தஞ்சு நடக்குது!"

"நடந்தா பத்தாது லா. முடியணும். அடுத்த வருஷம் வாங்க."

வெளியே வந்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிக்காத! லட்டு கொடுத்துட்டேனே, நாளைக்கு எந்த முகத்தோட போவேன்?"

"இதே முகத்தோடதான். அடுத்த வருஷம் நீங்க மட்டும் வந்து வாங்கிக்குங்க. நான் வேலைக்குப் போறத ஊரு பேசும்னு ஏன் பயப்படுறீங்க?"

அப்பா நடுரோட்டில் நின்றுவிட்டார்.

"ஊரு கெடக்குது. நீ இல்லாத வீட்ல பகலெல்லாம் நான் என்ன புள்ள செய்வேன்?"

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, அவர் கையைப் பிடித்துப் பஸ் ஸ்டாப்புக்கு அழைத்துப் போனார். (எங்கள் அம்மா! பட்டப்பகலில்! தெருவில்!)

அடுத்த வருடம் அப்பா அந்தப் பக்கமே போகவில்லை. அதற்கும் அடுத்த வருடம், அம்மாவுக்கும் ஐம்பத்தைந்து நிறைந்த பிறகு, இருவரும் சேர்ந்து போனார்கள். நானும்தான்.

இந்த முறை கவுண்டரில் புது ஆபீசர், சின்னப் பையன். "ஐயா, நீங்க போன வருஷமே வாங்கியிருக்கலாமே! ஏன் வரல?"

அப்பா அம்மாவைக் காட்டினார். "போன வருஷம் இவளுக்கு முடியல தம்பி."

அவன் பதறி எழுந்துவிட்டான். "அச்சச்சோ! இப்ப உடம்பு தேவலாமா அம்மா?"

உங்கள் வீட்டில் யார், யாருக்கு 'முடியட்டும்' என்று காத்திருந்தார்கள்? சொல்லுங்களேன்!