சாவியால் கீறிப் பார்த்த மிஷின்

நம் வீட்டுப் பக்கச் சந்தில், தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறதே பச்சை மிஷின், அதன் மேல் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு ஒரு கோடு ஓடுகிறது. அது எப்படி வந்தது என்று நீங்கள் இரண்டு பேரும் பல தடவை கேட்டுவிட்டீர்கள். நான்தான் கீறினேன். மிஷின் நம்முடையது ஆவதற்கு முன்பே, அடுத்தவர் கடையில் வைத்து, ஸ்கூட்டர் சாவியால் கீறினேன். இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து சிரிப்பாள். அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் கான்ட்ராக்ட் வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. திருவொற்றியூரில் ரோட்டோரம் மீன் விற்கிற ஓர் அம்மா, தனக்கும் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குமாக எட்டு இரும்பு ஸ்டாண்டு கேட்டிருந்தார். ஐஸ் பெட்டியைத் தாங்க வேண்டும், ஆடக் கூடாது. நான் சொந்தமாகப் பிடித்த முதல் ஆர்டர் அது. சரியாகச் செய்தால் விம்கோ நகரில் நம் வீட்டிலேயே வேலை செய்து பிழைக்கலாம். கெட்டுப் போனால் பழைய கான்ட்ராக்டரிடமே திரும்பப் போய் நிற்க வேண்டும். அங்கே போக எனக்கு மனசில்லை.

எட்டு ஸ்டாண்டுக்கு முப்பத்திரண்டு கால். குறுக்குச் சட்டம் தனி. கையால் இழுக்கிற ஆக்ஸா பிளேடில் இரண்டு கால் அறுப்பதற்குள் என் வலது தோள் பிடித்துக்கொண்டது. கையில் பிடிக்கிற கிரைண்டரில் வெட்டினால் வெட்டு நேராக வராது. எனக்கு வேண்டியது தரையில் உட்காரும் கட்டிங் மிஷின். பெரிய கல் சக்கரம் சுற்றும், மேலே கை இருக்கும், அழுத்தினால் இரும்பு வெட்டுப்படும். ஆனால் விலை என் கைக்கு அடங்க வேண்டும். விலை குறைந்தது எதுவாக இருந்தாலும் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

முதலில் டோல்கேட் பக்கம் ஒரு கடைக்கு உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். புது மிஷின், மலிவு விலை.

“ஃபுல் காப்பர் வைண்டிங் சார்” என்றான் கடைப் பையன்.

தூக்கிப் பார்த்தேன். செம்புக் கம்பி சுற்றிய மோட்டார் கையைக் கீழே இழுக்கும். இது உங்கள் பள்ளிக்கூடப் பையைவிட லேசாக இருந்தது.

“ஒரு துண்டு வெட்டிக் காட்டேன்பா.”

“டெமோலாம் இல்ல சார்.”

“வாரண்டி கீதா?”

“மோட்டாருக்கு கீது சார். எரிஞ்சி போனா மட்டும் கிடையாது.”

“எரியாத மோட்டார தூக்கிகினு நான் ஏன்பா இங்க வரப்போறேன்?”

வெளியே வந்ததும் உங்கள் அம்மா, “மிஷின் வாங்க வந்தியா, கேசு விசாரிக்க வந்தியா?” என்றாள்.

அடுத்து இரண்டு பேரும் போனது எண்ணூர் போகிற வழியில் ஒரு காயலான் கடை. நடத்துகிறவர் ஓர் அக்கா. கயிற்றில் கட்டிய காந்தத்தைக் கையிலேயே வைத்திருப்பார். பித்தளை என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் அவர்கள் பேசி முடிப்பதற்குள் காந்தம் ஒட்டுகிறதா என்று வைத்துப் பார்த்துவிடுவார். அவருடைய கடையில் பழைய கட்டிங் மிஷின் இரண்டு இருந்தன. ஒன்று பளபளவென்று பச்சைப் பெயிண்ட். இன்னொன்று உடம்பெல்லாம் துரு. விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

பச்சையைப் பார்த்ததுமே எனக்கு உடம்பு சுள்ளென்றது. கையில் இருந்த சாவியால் அதை ஒரு இழுப்பு இழுத்தேன்.

“நைனா! சாவிய உள்ள வை. இன்னா, லாட்டரி சீட்டு சொரண்றியா?”

“எதுக்குக்கா பழைய மிஷினுக்கு புதுப் பெயிண்டு?”

“கடலு தோ கீது. பூசாம வெச்சா நாலு நாள்ல பிஸ்கோத்து மாறி உதிரும்.”

நான் நம்பவில்லை. ஏன் என்று உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துறைமுகப் பக்கம் கான்ட்ராக்டில் இருந்தபோது, பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்றால் முந்தின நாளே எங்கள் கையில் பெயிண்ட் டப்பாவைக் கொடுப்பார்கள். துருவைச் சுரண்ட நேரம் இருக்காது. ஏணி, கைப்பிடி எல்லாவற்றிலும் துரு மேலேயே பூசுவோம். சில இடத்தில் இரும்பே இருக்காது, பெயிண்டுதான் ஏணியாக நிற்கும். ஒரு நாள் நான் பூசிய கைப்பிடியே என் கையோடு வந்துவிட்டது. ஆள் யாரும் விழவில்லை. ஆனால் மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. அன்றிலிருந்து புதுப் பெயிண்ட் என்றால் எனக்கு அடியில் ஓட்டைதான் தெரியும்.

அதனால் துரு பிடித்த மிஷின் பக்கம் போனேன். வயரைப் பார்த்தேன். மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றிப் பார்த்தேன். ஓடவிட்டுச் சத்தம் கேட்டேன், மோட்டார் நன்றாக உறுமியது. எதையும் மறைக்காமல் நிற்கிறது, இதுதான் யோக்கியமான மிஷின் என்று முடிவு கட்டினேன்.

“அத்த வுடு நைனா” என்றார் அந்த அக்கா. “அதோட கை லேசா சாயுது. மோட்டாருக்குன்னு கேட்டு ஒர்த்தன் வர்றான், அவன் எத்துகினு போவட்டும். நீ பச்சைய புடி.”

அவ்வளவு தெளிவாகச் சொன்னார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பச்சையை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அதுதான் வேண்டும் என்று பிடிவாதம் ஏறியது. துருவையே வாங்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

முதல் ஸ்டாண்டு ஆடியது. தரை சரியில்லை என்று மாடிக்குத் தூக்கிப் போனேன். அங்கேயும் ஆடியது. ஆங்கிள் கொடுத்த கடைக்காரன் வளைந்த இரும்பைத் தள்ளிவிட்டான் என்று அவனைத் திட்டினேன். இரண்டாவது ஸ்டாண்டும் ஆடியது. மூலைமட்டத்தை எடுத்து, கால்களை வெட்டிய இடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது. உடனே மூலைமட்டத்தின் மேலேயே சந்தேகம். அதைத் தரை டைல்ஸின் மூலையில் வைத்துப் பார்த்தேன். பிறகு டைல்ஸ் போட்டவன் மேல் சந்தேகம்.

உங்கள் அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: “அந்தக்காதான் கை சாயுதுன்னு சொல்லிச்சே. எல்லாரையும் கேட்டுட்ட, மிஷின ஒரு வார்த்த கேக்கறதுதான?”

மிஷின் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். ஆடியது. கையைத் தாங்குகிற இரும்பு முளை தேய்ந்து, அழுத்த அழுத்தச் சக்கரம் ஒரு பக்கமாகப் படுத்தது. ஆர்டரை முடித்துக் கொடுக்க நான்கு நாள்தான் இருந்தது. பத்துக் கால் கெட்டுப் போயிருந்தது.

மறுநாள் மிஷினையும் கெட்ட கால்களையும் எடுத்துக்கொண்டு காயலான் கடைக்குப் போனேன். வாங்கிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார், சண்டைதான் வரும் என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனேன். அந்த அக்கா என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

“மொதல்ல சாவிய குடு.”

கொடுத்தேன். கல்லாப் பெட்டியில் போட்டு மூடினார்.

“இப்ப பச்சைல வெட்டு. உன் இரும்பு, உன் மட்டம். அஞ்சு துண்டு வெட்டிட்டு அப்பறம் பேசு.”

வெட்டினேன். ஐந்திலும் மூலைமட்டம் வெளிச்சம் விடாமல் உட்கார்ந்தது. அவரே மிஷினைச் சாய்த்து, அடிப்பக்கம் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிக் காட்டினார். பச்சைக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே வெள்ளையாக இரும்பு. “துருவ சொரண்டி, உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு அட்ச்சி, அதுக்கு மேலதான் பச்ச. கை வலிச்சிது எனக்கு.”

துறைமுகப் பக்கம் நான் என்ன வேலை செய்தேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ. அவர் காந்தத்தைச் சுழற்றிக்கொண்டே சிரித்தார்.

“அப்ப நீ பண்ணதத்தான் ஊரே பண்ணுதுன்னு நெனச்சிகினுகீற!”

துருவை எடுத்துக்கொண்டு பச்சையைக் கொடுத்தார், கல்லாவிலிருந்து சாவியையும் எடுத்துக் கொடுத்தார். கெட்டுப் போன கால்களைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டுக்கொண்டார். அந்தத் தராசையும் நான் இரண்டு தடவை பார்த்தேன். அதையும் அவர் பார்த்தார்.

புது ஆங்கிள் வாங்கி, மூன்று நாள் ராப்பகலாக வேலை செய்து எட்டையும் முடித்தேன். கடலோரத்தில் வைக்கிற பொருள், உப்புத் தண்ணீர் ஊற்றுகிற இடம். பெயிண்ட் அடிக்காமல் கொடுக்க முடியுமா? சுரண்டி, சிவப்பு அடித்து, மேலே நீலம் அடித்தேன். சின்ன வண்டியில் ஏற்றி, உங்கள் அம்மாவோடு மீன் கடைகளுக்குக் கொண்டு போய் இறக்கினேன்.

ஆர்டர் கொடுத்த அம்மா ஸ்டாண்டைச் சுற்றி வந்தார். காலால் ஓர் உதை விட்டார். ஆடவில்லை. ஆனாலும் முகம் மலரவில்லை.

“இன்னா மேஸ்திரி, இம்மாம் பளபளன்னு பூசிகீற? உள்ள இன்னாத்த மறைச்சிகீற?”

பின்னால் உங்கள் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். “நீயே கீறிப் பாரும்மா.”

கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துக் கீறுவார் என்று நினைத்தேன். முன்பக்கத்திலேயே நடுவில் இழுத்தார். நீலம் போய்ச் சிவப்பு வந்தது, இன்னும் அழுத்தினார், இரும்பு மின்னியது. குனிந்து, விரலால் தடவிப் பார்த்து, ஐஸ் பெட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்தார்.

சாவியை வாங்கி நான் பையில் போடுவதற்குள் பக்கத்து அம்மா கையை நீட்டினார்.

“குடு குடு, என்னுதையும் பாத்துடறேன்.”