மங்கோலியக் கொடிகளும் அடியேன் விடுப்பும்

இறக்குமதி ஆவணம் எழுதுவது, நாம் ஒருநாளும் மிதிக்கப்போகாத ஊர்களின் பெயர்களுக்காக நாள்தோறும் வசை கேட்கும் தொழில். அரபு நாட்டுத் தேராவில் இத்தொழிலில் தேய்ந்துவரும் அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான்காண்டாகத் தவறிப்போன திருவரங்க ஏகாதசி சேவையை இவ்வாண்டாவது பெற எண்ணி விடுப்புக் கேட்டிருந்தேன். "உள்மங்கோலியச் சால்வைங்க துறைமுகத்தை விட்டு வெளியே வரட்டும், பொறவு போங்க" என்று காயல்பட்டினத்து முதலாளி அருளினார்.

மூன்றே கட்டங்கள்

சுங்கத்துறையின் கணினிப் படிவத்தில் நாடு, மாநிலம், நகரம் என மூன்றே கட்டங்கள். சீனத்தின் வடக்கே உள்மங்கோலியாவில் சால்வை நெய்தவர்களின் முகவரியோ அவற்றுள் அடங்க மறுத்தது. சீனத்தை ஆண்ட மஞ்சு அரசர்கள் மங்கோலியரைப் படைபோல் வகுத்துவைத்தார்கள்: சிறு பிரிவு 'அம்பு', பல அம்புகள் சேர்ந்தது 'கொடி', பல கொடிகள் கூடியது 'கூட்டம்'. அரசர்கள் போய்விட்டார்கள், பெயர்கள் முகவரியில் தங்கிவிட்டன. இவ்வளவையும் பொறுமையாக எடுத்துரைத்தேன். முதலாளி கேட்டார்: "சாமி, நான் சால்வைக்குத்தானே ஆர்டர் கொடுத்தேன், சண்டைக்கா கொடுத்தேன்?"

பதவி உயர்வு

துறைமுகத்தில் சரக்கு நிறுத்தப்பட்டது. பிறப்பிடச் சான்றிதழில் 'கூட்டம்' என்றிருந்த இடம், விலைப்பட்டியலில் 'மாநகரம்' என்றிருந்தது. புல்வெளியும் ஆடுகளும் இருந்தபடியே இருக்க, சீன அரசு பல கூட்டங்களை மாநகரங்களாக உயர்த்தியருளியது. சான்றிதழ் தந்தவர் மட்டும் பழைய பெயரைக் கைவிடவில்லை. இதைக் கேட்ட சுங்க ஏஜென்ட், திருநெல்வேலிக்காரர், பெருமூச்சுவிட்டார்: "அண்ணாச்சி, ஆடு மேயுத காட்டை மாநகரம்ங்கானுவ, எங்கூருக்கு நகராட்சி கேட்டு இருவது வருசமா மனு கொடுக்கோம்!"

விளக்கக் கடிதம்

ஏகாதசிக்கு ஆறு நாள்களே இருந்தன. இரண்டும் ஓரிடமே என்று நிறுவ, கொடிகளின் தோற்றம் முதல் மாநகரப் பட்டாபிஷேகம் வரை நான்கு பக்க வரலாறு எழுதிக் கொடுத்தேன். சுங்க அதிகாரி முதல் பக்கத்தில் பாதியைப் படித்தார். "கலாஸ்", அதாவது முடிந்தது, என்று முத்திரையிட்டார். சரக்கு வெளியே வந்தது.

விடுப்புத் தாளுடன் முதலாளி முன் நின்றேன். கடிதத்தை அவர் வாயாரப் புகழ்ந்தார். தாளில் மட்டும் கையெழுத்திடவில்லை. "சாமி, வேற கொடியிலேருந்து அடுத்த வாரம் ரெண்டு கண்டெய்னர் வருது. நீங்க போயிட்டா இந்த வரலாறையெல்லாம் யாரு எழுதுவா?"

மேய்ப்பன் தன் கொடியின் எல்லையைத் தாண்டத் தலைவனின் அனுமதிக்குக் காத்துநின்ற காலம் ஒழிந்துவிட்டது என்று அக்கடிதத்தை முடித்திருந்தேன்; மங்கோலியரைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை.