கொளஞ்சியின் ஆட்டக்காரக் கெண்டைகள்

செல்போனில் குத்துப்பாட்டைப் போட்டுக் கரையில் வைத்துவிட்டு, கொளஞ்சி வழக்கம்போல, வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு குட்டையைப் பார்த்துக் குத்தவைத்தார். விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் துள்ளின. தார்ப்பாய்ச் சுவரில் பக்கவாட்டாக உரசி, பளிச்சென்று திரும்பின.

“பாத்தியளா, இடுப்ப ஒடிக்கிறத. மெலடி போட்டா அசையாதுங்க.”

மெலடி அவர் போட்டதே இல்லை.

குன்னம் பக்கம், வெங்காயம் அழுகிப்போன கொல்லையை வெட்டி மீன்குட்டையாக்கியவர். ஊரே சிரித்தது. குஞ்சுகள் பிழைக்காவிட்டால் கொல்லையும் போச்சு, மானமும் போச்சு. அதனால்தான் அந்த ஆட்டத்தைத் தினமும் ஸ்டேட்டஸில் வைத்தார். பஸ் ஏறி வந்து பார்த்தவர்கள்கூட உண்டு. டீ அவர் செலவு. மனைவி மலர்க்கொடி மட்டும் மசியவில்லை.

“இந்த வூட்ல ஒழுங்கா ஆடுறது நம்ம கட்டில் காலு ஒண்ணுதான்.”

திடீரென்று குஞ்சுகள் வெளிறின. மேலே வந்து வாய் பிளந்தன. சில செத்து மிதந்தன. ஸ்டேட்டஸ் பார்த்த கண்களையெல்லாம் கொளஞ்சி சந்தேகப்பட்டார். கல்லங்குறிச்சியிலிருந்து வந்து ஓயாமல் பாராட்டிவிட்டுப் போன மச்சினன் பழனிவேல் மேல் சந்தேகமே இல்லை, உறுதி. கைப்பிடி உப்போடு குட்டையைச் சுற்றி வந்தவர், அடுப்பில் போட வேண்டியதைத் தண்ணீரிலேயே போட்டார்.

“மீனுக்கு அடுப்பு ஆவாதுல்ல.”

மீன்வளத் துறையிலிருந்து வந்த சத்யப்பிரியா, ஒரு குஞ்சின் செவுளிலிருந்து வழவழப்பைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

“இது ஆடலைங்க. அரிக்குது. செவுள்லயும் தோல்லயும் புழு கொக்கி மாட்டித் தொங்குது. சொறிஞ்சுக்கக் கை இல்ல, அதான் சுவத்துல உரசுது.”

கொளஞ்சியும் குனிந்து பார்த்தார். கண்ணாடி போன்ற ஒன்று அட்டைமாதிரி நீண்டு சுருங்கியது. நிமிராமலே கேட்டார்.

“இதுக்கா மேடம் நான் பாட்டு போட்டேன்?”

“உப்புத்தாங்க போடணும்.”

கொளஞ்சி பெருமையாக மனைவியைப் பார்த்தார்.

“கைப்பிடி இல்லைங்க. தனியா ஒரு தொட்டியில தண்ணிய அளந்து ஊத்தி, உப்ப எடை போட்டுக் கரைங்க. வலையோட குஞ்ச முக்குங்க. சாஞ்சா உடனே எடுத்துடுங்க.”

வலையை முக்கும்போதெல்லாம் குஞ்சுகளைவிட அதிகம் நெளிந்தது கொளஞ்சிதான். தன் முழங்கையையே சொறிந்துகொண்டிருந்தார். மலர்க்கொடி கிண்டல் செய்யவில்லை. ஈர வலையை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

சில நாளில் சாவு நின்றது. உரசலும் நின்றது. அப்போது பார்த்து, பழனிவேல் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினான்.

“என்ன மாமா, ஒண்ணும் ஆட மாட்டேங்குது? இவ்ளோ பேர கூட்டியாந்துட்டேனே.”

கொளஞ்சி குட்டையை எட்டிப் பார்த்தார். குஞ்சுகள் அமைதியாகத் தவிடு தின்றுகொண்டிருந்தன. மலர்க்கொடி வீட்டுக்குள் போகும்வரை காத்திருந்தார். பிறகு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, செல்போனில் பாட்டைப் போட்டு, கரையில் தானே இடுப்பை ஒடித்தார்.